எண் நம்முடையது, சந்தை யாருடையது? கைபேசி ‘போர்ட்’ சேவை: ஒரு மதிப்புரை

கைபேசி எண்ணை மாற்றாமல் சேவை நிறுவனத்தை மட்டும் மாற்றிக்கொள்ள உதவும் ‘போர்ட்’ வசதியை யாரும் ஒரு பொருளாக நினைத்து மதிப்புரை எழுதுவதில்லை. எந்த நிறுவனமும் இதை விரும்பிச் சந்தைக்குக் கொண்டுவரவில்லை என்பதுதான் இதன் தனித்தன்மை. வாடிக்கையாளர் தன்னை விட்டுப் போவதற்கு வழிசெய்து தர எந்த வணிகருக்கும் மனம் வராது. ஆகவே அரசு விதி போட்டு, அந்த வழியை நிறுவனங்களின் கையாலேயே அமைக்கச் செய்தது. ஏகபோகத்தைத் தடுப்பதற்காக அரசுகள் கையாளும் கருவிகளில் நம் கைக்கே நேரடியாக வந்து சேரும் ஒரே கருவி அநேகமாக இதுதான். இது ஒரு சேவையாக எப்படி இருக்கிறது என்பதையும், எதற்காக உருவாக்கப்பட்டதோ அந்த வேலையைச் செய்கிறதா என்பதையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். முதல் கேள்விக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தாராளமாகக் கொடுப்பேன்; இரண்டாவதற்கு அவ்வளவு தர மனம் வரவில்லை.

இந்தியாவில் இந்த வசதி 2010 நவம்பர் 25 அன்று ஹரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20 அன்று நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. முதலில் ஒரே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் (பெரும்பாலும் ஒரு மாநில அளவிலான சேவைப் பகுதி) மட்டுமே மாற முடிந்தது. 2015 ஜூலை 3 முதல்தான் சென்னையில் வாங்கிய எண்ணோடு பெங்களூருக்கு வேலைக்குப் போனவர், அங்குள்ள நிறுவனத்துக்கு அதே எண்ணைக் கொண்டுபோக முடிந்தது. தொடக்கத்திலிருந்து இதுவரை பதிவான கோரிக்கைகள் 2024-ஆம் ஆண்டிலேயே 100 கோடியைத் தாண்டிவிட்டன. மாதத்துக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் விண்ணப்பிக்கிறார்கள்.

செய்முறை எளிமையானது. ‘போர்ட்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, பத்து இலக்க எண்ணைச் சேர்த்து 1900-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், எழுத்துகளும் எண்களும் கலந்த எட்டு இலக்க ரகசியக் குறியீடு, அதாவது ‘கோடு’, வரும். பெரும்பாலான வட்டங்களில் அது நான்கு நாள் செல்லும். அந்தக் கோட்டுடனும் ஆதாருடனும் புதிய நிறுவனத்தின் கடைக்குப் போனால் புதிய சிம் கிடைக்கும். ஒரே வட்டத்துக்குள் என்றால் மூன்று வேலை நாள்களிலும், வட்டம் மாறினால் ஐந்து வேலை நாள்களிலும் மாற்றம் நடந்துவிட வேண்டும் என்பது விதி. ஒரு கட்டத்தில் பழைய சிம்மில் சிக்னல் போய்விடும். அதன் பிறகு புதிய சிம்மைப் போட்டுச் சற்றுப் பொறுத்திருந்தால் வேலை முடிந்தது. என் வீட்டு எண்களை மாற்றியபோது எல்லாம் கெடுவுக்குள் முடிந்தன; எந்த அலுவலகத்திலும் யார் முன்னாலும் நிற்க வேண்டியிருக்கவில்லை. வங்கிக் கணக்கின் கிளையை மாற்றவோ, எரிவாயு இணைப்பை ஊர் மாற்றவோ முயன்றவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இந்த எளிமை தானாக வந்துவிடவில்லை. முதல் ஒன்பது ஆண்டுகளில் அந்தக் கோட்டை உருவாக்கித் தரும் பொறுப்பு, நாம் விட்டு விலகப்போகும் பழைய நிறுவனத்திடமே இருந்தது. போகிறவனைப் போகவிடும் அதிகாரம் போகவிட விரும்பாதவன் கையில் இருந்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. கோடு பொருந்தவில்லை, காலாவதியாகிவிட்டது என்ற காரணங்களைக் காட்டிக் கோரிக்கைகள் ஏராளமாகத் தள்ளுபடியாயின. தவறான ஒவ்வொரு தள்ளுபடிக்கும் 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி வகுத்தது. 2019 டிசம்பர் 16 முதல் நடைமுறையே மாற்றப்பட்டது. இப்போது கோட்டை உருவாக்குவது பழைய நிறுவனமும் அல்ல, புதியதும் அல்ல. இரண்டுக்கும் நடுவில் உள்ள ஓர் இடைநிலை நிறுவனம். நாம் 1900-க்குச் செய்தி அனுப்பியதும் அது பழைய நிறுவனத்தின் கணினியிடம் சில கேள்விகளை உடனுக்குடன் கேட்கிறது: இந்த எண் அங்கே வந்து 90 நாள் ஆகிவிட்டதா, போஸ்ட்பெய்டு பாக்கி இருக்கிறதா, உரிமையாளர் பெயர் மாற்றம் நடந்துகொண்டிருக்கிறதா, வழக்கு ஏதும் நிலுவையில் உள்ளதா என்பவை போன்றவை. தடை இல்லையென்றால் கோடு வருகிறது, இருந்தால் வருவதேயில்லை. ஆகவே கோடு கையில் வந்த பிறகு தள்ளுபடியாகும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. ஒழுங்குமுறை என்றால் பெரிய நிறுவனங்களுக்குப் பெரிய அபராதம் என்று மட்டும் நினைப்பவர்கள் இந்தச் சிறிய மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். அபராதம் சாதிக்காததை, ஒரு வேலையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றியது சாதித்தது.

இந்த இடைநிலை நிறுவனங்களே ஏகபோகங்கள் என்பதை இங்கே சொல்லாமல் விட முடியாது. நாடு இரண்டு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, வடக்கும் மேற்கும் ஒரு நிறுவனத்திடமும், தெற்கும் கிழக்கும் இன்னொன்றிடமும் உரிமமாக ஒப்படைக்கப்பட்டன. தன் மண்டலத்தில் ஒவ்வொன்றும் தனிக்காட்டு ராஜா. ஆனால் கட்டணத்தை நிர்ணயிப்பது டிராய். ஒரே எண்களின் பட்டியலை இரண்டு பேர் தனித்தனியாகப் பராமரிப்பதில் பொருளில்லை என்பதால், இந்த ஏகபோகத்தை ஏற்றுக்கொண்டு அதன் விலைக்குக் கடிவாளம் போட்டது சரியான முடிவு என்றே கருதுகிறேன். கடிவாளத்தை எவ்வளவு இழுப்பது என்பதில்தான் சிக்கல் வந்தது. ஒரு மாற்றத்துக்கு 19 ரூபாயாக இருந்த கட்டணத்தை 2018-இல் டிராய் ஒரே வெட்டாக 4 ரூபாயாக்கியது. நிறுவனங்கள் நீதிமன்றம் சென்றன. 2019 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. கட்டணம் பிறகு இரண்டுக்கும் இடைப்பட்ட ஓர் அளவில் நின்றது. இதை வாடிக்கையாளரிடமிருந்து வாங்கப் புதிய நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்றாலும், ஆள் சேர்க்கும் அவசரத்தில் பெரும்பாலும் யாரும் வாங்குவதில்லை.

கட்டணம் இல்லை என்பதால் செலவே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. பழைய ரீசார்ஜில் எஞ்சிய நாள்களும், பிரீபெய்டு கணக்கில் மிச்சமிருக்கும் தொகையும் எண்ணோடு கூட வருவதில்லை. அவை அங்கேயே கழிந்துவிடும். 28 நாள் திட்டத்தில் இருப்பவருக்கு இது பெரிய இழப்பல்ல. ஆண்டு முழுமைக்கும் ஒரே தடவையாகப் பணம் கட்டியவருக்கோ, கட்டிய மறுமாதமே நெட்வொர்க் மோசமானாலும் மாறுவதற்குக் கை வராது. ஆண்டுத் திட்டங்களையும், அவற்றோடு சேர்த்துத் தரப்படும் ஓடிடி சந்தாக்களையும் நிறுவனங்கள் விரும்பி முன்னிறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் ஊகம். எண்ணைக் காட்டி வாடிக்கையாளரைக் கட்டிப்போட முடியாது என்றானதும், அவர் முன்கூட்டிக் கட்டிய பணத்தைக் கொண்டு கட்டிப்போடுகிறார்கள். மலிவான திட்டங்களில் இன்னொரு முட்டுக்கட்டையும் இருந்தது. சில குறைந்த விலை ரீசார்ஜ்களில் குறுஞ்செய்தி அனுப்பும் வசதியே கிடையாது. குறுஞ்செய்தி இல்லாமல் 1900-க்கு எதை அனுப்புவது? எந்தத் திட்டத்தில் இருந்தாலும், எவ்வளவு ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்திருந்தாலும், போர்ட் செய்தியை மட்டும் அனுப்ப அனுமதித்தாக வேண்டும் என்று 2021 டிசம்பரில் டிராய் உத்தரவிட வேண்டியதாயிற்று.

கோடு வந்த பிறகு பழைய நிறுவனத்திலிருந்து வரும் தொலைபேசி அழைப்பைப் பலரும் அறிந்திருப்பார்கள். எனக்கும் வந்தது, இணையதளத்தில் எங்கும் காணாத ஒரு விலையில், கூடுதல் டேட்டாவுடன் ஒரு திட்டத்தைச் சொன்னார்கள். இதை நல்ல செய்தியாகவும் கொள்ளலாம், ஏனென்றால் விலகிப்போகும் உரிமை இருப்பதால்தான் அந்தத் தள்ளுபடி பிறந்தது. ஆனால் அதே நிறுவனத்தில் ஆண்டுக்கணக்காக முணுமுணுக்காமல் முழு விலை கட்டும் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு அந்த அழைப்பு வராது. ஆளுக்கேற்ற இத்தகைய சலுகைகள் வெளிப்படையாக இருக்க வேண்டும் என்று 2018 பிப்ரவரியில் டிராய் பிறப்பித்த கட்டண உத்தரவை, அதே ஆண்டு டிசம்பரில் தொலைத்தொடர்புத் தகராறுகள் தீர்ப்பாயம் செல்லாததாக்கியது. அந்தச் சலுகைகளின் விவரங்களையாவது டிராய் கேட்டால் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2020 நவம்பரில்.

தமிழ்நாட்டில் இந்தச் சேவைக்குக் கடுமையான சோதனை வந்தது ஏர்செல் வீழ்ந்தபோது. 1999-இல் இங்கே தொடங்கி, நீண்ட காலம் தமிழக வட்டத்தில் முன்னணியில் இருந்த அந்த நிறுவனத்தின் சிக்னல், 2018 பிப்ரவரி 21 அன்று மாநிலத்தின் பல பகுதிகளில் அற்றுப்போனது. அம்மாதக் கடைசியில் அது திவால் மனு கொடுத்தது. வங்கியின் ஓடிபி முதல் ரேஷன் கடைச் செய்தி வரை எல்லாவற்றையும் அந்த எண்ணோடு இணைத்திருந்தவர்கள் ஷோரூம் வாசல்களில் கூட்டமாக நின்றார்கள். எண்ணைக் கொண்டுபோகும் உரிமை சட்டப்படி அவர்களிடம் இருந்தது. ஆனால் அதைப் பயன்படுத்த 1900-க்குச் செய்தி அனுப்ப வேண்டும், அதற்குச் சிக்னல் வேண்டும், அதுதான் இல்லை. டிராய் தலையிட்டு, வழக்கமான வழிக்கு வெளியே கோடுகள் கிடைக்கவும் அவற்றின் காலம் நீளவும் செய்தது. சேவையின் அடிப்படைக் குறை இந்த நாள்களில் வெளிப்பட்டது: வெளியேறும் வழி, நாம் விட்டு வெளியேற நினைக்கும் வீட்டுக்குள்ளேதான் இருக்கிறது. 2019 மாற்றத்துக்குப் பிறகும் செய்தி போக வேண்டியது பழைய சிம்மிலிருந்தே; கோடு வந்து சேர வேண்டியதும் அதற்கே.

இனி இரண்டாவது கேள்வி. போட்டிக் கொள்கையைப் பற்றிப் பேசும் பொருளியலாளர்கள் 1980-களின் தொடக்கத்தில் ஒரு கவர்ச்சியான வாதத்தை முன்வைத்தார்கள். வில்லியம் பாமோல், ஜான் பன்சார், ராபர்ட் வில்லிக் ஆகியோர் வளர்த்தெடுத்த அந்த வாதத்தின்படி, ஒரு சந்தையில் ஒரே ஒரு விற்பனையாளர் இருந்தாலும் பரவாயில்லை. வெளியே நிற்பவர் தடையின்றி உள்ளே வரவும், லாபம் பார்த்துவிட்டு நட்டமின்றி வெளியேறவும் முடியுமானால், அந்த அச்சமே உள்ளிருப்பவரின் விலையைக் கட்டுக்குள் வைத்திருக்கும். அப்படிப்பட்ட சந்தைக்கு எத்தனை நிறுவனங்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்கத் தேவையில்லை. வாசல் திறந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். விமானத்தை ஒரு வழித்தடத்திலிருந்து இன்னொன்றுக்கு எளிதாகத் திருப்பிவிடலாம் என்பதால் விமானப் போக்குவரத்தை அதற்கு எடுத்துக்காட்டாகச் சொன்னார்கள். பிற்கால ஆய்வுகள், வரக்கூடியவரைவிட ஏற்கெனவே வந்து பறந்துகொண்டிருப்பவரே கட்டணத்தைக் குறைக்கிறார் என்று காட்டின.

போர்ட் வசதி திறந்துவிடுவது வாடிக்கையாளர் போகும் வாசலை மட்டுமே. நிறுவனம் வரும் வாசல் வேறு. அந்த வாசலின் விலையை ஜியோவின் கதையிலிருந்து அறியலாம். நாடு முழுமைக்குமான அலைக்கற்றையை 2010 ஏலத்தில் வென்ற ஒரு சிறு நிறுவனத்தை ரிலையன்ஸ் அப்போதே வாங்கிவிட்டது. சேவை மக்களுக்குத் திறக்கப்பட்டதோ 2016 செப்டம்பர் 5 அன்று. இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் கோபுரங்களிலும் கேபிளிலும் அலைக்கற்றையிலும் ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல் போடப்பட்டது. அந்தப் பணத்தில் பெரும்பகுதியைத் தொழிலை மூடும் நாளில் திரும்ப எடுக்க முடியாது. உள்ளே வந்து, லாபம் பார்த்து, கிளம்பிவிடலாம் என்ற கற்பனைக்கு இந்தத் தொழிலில் இடமே இல்லை. வந்தவர் எண்ணெயிலும் பெட்ரோகெமிக்கலிலும் ஈட்டிய பணம் வைத்திருந்ததால் வர முடிந்தது. இன்னொருவர் அப்படி வருவார் என்று எந்த நிறுவனமும் இன்று அஞ்சித் தூக்கம் கெடுவதாகத் தெரியவில்லை.

வந்தவரை உள்ளே இருந்தவர்கள் எப்படி வரவேற்றார்கள் என்பதும், அதற்கு ஒழுங்குமுறை அமைப்புகள் என்ன செய்தன என்பதும் இந்த மதிப்புரைக்குத் தேவையானவையே. புதிய நெட்வொர்க்கிலிருந்து பழைய நெட்வொர்க்குக்கு அழைப்பு போக இணைப்பு முனைகள் வேண்டும். அவற்றைப் போதிய அளவில் தராததற்காக ஏர்டெல், வோடஃபோன், ஐடியா ஆகிய மூன்றுக்கும் சேர்த்து சுமார் 3,050 கோடி ரூபாய் அபராதம் விதிக்கலாம் என்று 2016 அக்டோபரில் டிராய் பரிந்துரைத்தது. மூவரும் கூடிப் பேசி இதைச் செய்தார்களா என்று விசாரிக்க இந்தியப் போட்டி ஆணையம் 2017-இல் உத்தரவிட்டது. பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும், இணைப்பு தொடர்பான உண்மைகளை முதலில் டிராய் முடிவுசெய்யட்டும், அதன் பிறகே போட்டி ஆணையத்துக்கு வேலை என்று சொல்லிவிட்டது. எதிர்த்திசையிலும் ஒரு புகார் வந்தது. இலவசமாகக் கொடுத்து மற்றவர்களை ஒழிக்கப் பார்க்கிறது என்று ஜியோ மீது ஏர்டெல் தொடுத்த புகாரைப் போட்டி ஆணையம் 2017 ஜூனில் தள்ளுபடி செய்தது. அப்போது ஜியோவின் சந்தைப் பங்கு ஏழு விழுக்காட்டுக்கும் கீழே இருந்தது. ஆதிக்க நிலையில் இல்லாத ஒருவர் அதைத் துஷ்பிரயோகம் செய்ய முடியாது என்பது 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 4-ஆம் பிரிவின் தர்க்கம். அன்றைய கணக்குப்படி அந்த முடிவில் பிழை சொல்ல முடியாது. ஆனால் பெரும் மூலதனத்தோடு வருபவர் ஆதிக்கத்தை அடைவதற்கு முன்பு செய்வதைச் சட்டம் பார்ப்பதில்லை, அடைந்த பிறகு பார்க்க வேண்டியது எதுவும் மிஞ்சுவதில்லை. 

2010 வாக்கில் சில வட்டங்களில் பத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இருந்தன. 2012-இல் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது ஒரு பகுதியைக் குறைத்தது. ஜியோவின் வருகைக்குப் பிந்தைய விலைப்போர் மீதியைக் கரைத்தது. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் கடையை மூடியது, டெலினாரும் டாடாவும் ஏர்டெல்லிடம் போயின, 2018 ஆகஸ்டில் வோடஃபோனும் ஐடியாவும் ஒன்றாயின. இன்று தனியாரில் மூவரும் அரசின் பி.எஸ்.என்.எல்-உம் எஞ்சியிருக்க, வாடிக்கையாளர்களில் ஏறக்குறைய நான்கில் மூவர் ஜியோ, ஏர்டெல் என்ற இருவரிடம் இருக்கிறார்கள். கதவை எவ்வளவு அகலமாகத் திறந்துவைத்தாலும், தெருவில் குடிபோக வீடுகள் குறைந்துவிட்டால் அந்தக் கதவால் ஆகும் பயனும் குறைந்துவிடும்.

2024 ஜூன் கடைசியில் ஜியோ கட்டண உயர்வை அறிவித்தது. அடுத்தடுத்து ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும் அறிவித்தன. திட்டத்துக்குத் திட்டம் மாறுபட்டாலும் பெரும்பாலான உயர்வுகள் பத்து விழுக்காட்டுக்கு மேல் இருந்தன. ஜூலை முதல் வாரத்தில் மூன்றும் அமலாகிவிட்டன. மூவரும் பேசிவைத்துக்கொண்டார்கள் என்பதற்குச் சான்று இல்லாதவரை இது சட்ட மீறல் அல்ல. ஒருவர் ஏற்றியதைப் பார்த்து மற்றவர் ஏற்றுவது குற்றமாகாது. விலையைச் சந்தை முடிவுசெய்கிறது, அரசு தலையிடுவதில்லை என்று ஒன்றிய அரசும் விளக்கம் தந்தது. போர்ட் வசதி அப்போது தன்னாலானதைச் செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த ஜூலையில் மட்டும் பி.எஸ்.என்.எல்-க்கு 29 லட்சம் பேர் கூடினார்கள். மூன்று தனியார் நிறுவனங்களும் வாடிக்கையாளர்களை இழந்தன. ஆனால் பி.எஸ்.என்.எல்-இன் 4ஜி அப்போது பெரும்பாலான ஊர்களில் வந்து சேரவில்லை. வந்தவர்களில் பலர் வேகம் போதாமல் திரும்பிப் போக, அந்த ஆண்டு முடிவதற்குள் அதன் எண்ணிக்கை மீண்டும் சரியத் தொடங்கியது. உயர்த்திய கட்டணம் இறங்கவில்லை.

இங்கே அரசின் நிலை விசித்திரமானது. பி.எஸ்.என்.எல் அதன் சொத்து. வோடஃபோன் ஐடியா கட்ட வேண்டிய பாக்கியைப் பங்குகளாக மாற்றிக்கொண்டதால், 2025-இல் அந்த நிறுவனத்திலும் ஏறத்தாழ 49 விழுக்காடு அரசுடையதாயிற்று. அலைக்கற்றையை ஏலம் விடுவதும், உரிமக் கட்டணம் வாங்குவதும் அதே அரசுதான். மூன்றாவது தனியார் நிறுவனம் விழுந்துவிடாமல் தாங்கிப்பிடித்தது போட்டியைக் காப்பதற்கான ஒரு நடவடிக்கை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஏலத்திலும் பாக்கியிலும் கறாராக இருந்து அதை அந்த நிலைக்குத் தள்ளியதில் அரசுக்கும் பங்கு உண்டு. சொந்தக் கோபுரம் இல்லாமல், பெரிய நிறுவனத்தின் நெட்வொர்க்கை மொத்தமாக வாங்கிச் சில்லறையில் விற்கும் நிறுவனங்கள் பிரிட்டனில் ஏராளம். மீளாத செலவு குறைவு என்பதால் நுழைவு எளிதாகும் இடம் அதுதான். இங்கும் 2016-இல் அதற்கு விதிகள் வகுக்கப்பட்டன. ஆனால் மொத்த விலைக்கு இடம் கொடுக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லாததால் அது வேரூன்றவில்லை.

நெட்வொர்க் சரியில்லை என்று மாற நினைப்பவர்கள் தயங்காமல் இந்தச் சேவையைப் பயன்படுத்தலாம். ரீசார்ஜ் முடியும் தறுவாயில் கோடு வாங்குங்கள். சிம் தொலைந்தோ பழுதாகியோ மாற்றியிருந்தால் ஏழு நாள் கழித்துத்தான் கோடு கிடைக்கும்; எண்ணைத் திருடுவோரைத் தடுக்க 2024 ஜூலையில் வந்த இந்த விதி நியாயமானது. விண்ணப்பித்த பின் மனம் மாறினால் 24 மணி நேரத்துக்குள் அதே 1900-க்குச் செய்தி அனுப்பி நிறுத்திவிடலாம். மலிவு விலை மட்டும்தான் நோக்கம் என்றால், மாறுவதற்கு முன் மூன்று நிறுவனங்களின் திட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேறுபாடு சில ரூபாய்களுக்கு மேல் இருப்பது அரிது.

டிராய் செய்ய வேண்டியவை என்று இரண்டைச் சொல்வேன். பழைய சிம்மில் சிக்னல் இல்லாதபோதும், ஆதார் சரிபார்ப்பின் மூலம் இடைநிலை நிறுவனத்திடமிருந்தே நேரடியாகக் கோடு பெற வழி வேண்டும். ஏர்செல் காலத்தில் அவசரத்துக்குச் செய்ததை நிலையான விதியாக்கினால் போதும். முன்கூட்டிக் கட்டிய ஆண்டுக் கட்டணத்தில் பயன்படுத்தாத மாதங்களுக்கான தொகையை, வெளியேறும்போது கணக்கிட்டுத் திருப்பித் தர வேண்டும். முதலாவதை எந்த நிறுவனமும் பெரிதாக எதிர்க்காது. இரண்டாவதற்கு நீதிமன்றப் படியேறுவார்கள் என்று எதிர்பார்க்கலாம்.